கர்ச்சீஃப் விழுந்த இடம்

“நான் ஒருத்திக்கு எந்திரிச்சு எடம் வுட்டேன்னு எவளாவது சொல்லட்டும். அன்னிக்கே என் சீசன் டிக்கெட்டக் கிழிச்சு கூவத்துல வுட்டுட்டு, ஆவடிலேர்ந்து ஆபீசுக்கு நடந்தே போறேன்!”

மேற்படி பிரகடனம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, ஆவடியிலிருந்து சென்ட்ரல் நோக்கி ஓடிக்கொண்டிருந்த லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில், பொரிகடலை விநியோகத்துக்கு நடுவே வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் கோமளா. வயது ஐம்பதைத் தாண்டியது. எழும்பூர்ப் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாவிலைத் தோரணம் கட்டிய ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டு, வாய் நிறையப் பொரியுடன் அவள் இதைச் சொன்னபோது பெட்டியே கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

பிற்பாடு சீசன் டிக்கெட் கைப்பேசிக்குள் போய்விட்டது. கிழிப்பதற்குக் காகிதம் இல்லை. ஆனாலும் கோமளா சபதத்தின் வாசகத்தை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய நிலைமை வரவே வராது என்கிற நம்பிக்கைதான்.

அந்தப் பெட்டியின் அரசியல் சட்டத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. காலி வண்டி பிளாட்பாரத்துக்குள் ஊர்ந்து வரும்போதே, வெளியே நிற்பவள் ஜன்னல் கம்பி வழியாகத் தன் கர்ச்சீஃபை உள்ளே எறிவாள். அது விழுந்த இருக்கை அவளுடையது. அவள் கதவு நெரிசலில் சிக்கி, வண்டி நகர்ந்த பிறகு உள்ளே வந்து சேர்ந்தாலும் சரி, அதுவரை அந்தத் துணியை யாரும் தொட மாட்டார்கள். கர்ச்சீஃபுக்குப் பதிலாகப் பை வைத்திருந்தாலும் இதே மரியாதை உண்டு. பை இருக்கும்வரை பைக்காரி உட்கார்ந்திருப்பதாகவே அர்த்தம். கூட்டத்தில் தாலிச் சங்கிலி போயிருக்கிறது, கொலுசு போயிருக்கிறது. கர்ச்சீஃப் போனதில்லை.

இன்னொரு விதி, நாலாவது சீட்டு. மூன்று பேர் உட்காரும் பலகையில், நிற்பவள் “கொஞ்சம் தள்ளிக்க” என்றால் மூவரும் இடுப்பை ஒடுக்க வேண்டும். நாலாமவள் பாதி உடம்பைப் பலகையிலும் மீதியை அந்தரத்திலும் வைத்துக்கொண்டு பயணம் செய்வாள். ஆனால் இது தெரிந்த முகங்களுக்கு மட்டும். தெரியாத முகம் கேட்டால் மூன்று இடுப்புகளும் மரத்துப்போகும்.

கல்யாணமாகி பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு வந்த புதிதில் கோமளாவும் தெரியாத முகமாகத்தான் இருந்தாள். மகன் பிரசன்னா வயிற்றில் இருந்தபோது, நிறைமாதம் நெருங்கும்வரை பெரம்பூர் தாண்டியும் நின்றுகொண்டே போனவள். ஒரு இடுப்பும் ஒடுங்கவில்லை. வீட்டிலும் உட்காருவதற்கான சூழ்நிலை பெரிதாக இல்லை. டிவிக்கு எதிரே இருந்த நாற்காலி கணவர் கஜபதியுடையது. மற்ற நாற்காலி துவைத்த துணிகளுடையது. அலுவலகத்தில் அவளுடைய மேஜை, ஏசி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே. ஆக, உலகத்தில் கோமளாவுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பு, அந்தப் பெட்டியில் கதவை அடுத்த ஜன்னலோரம் மட்டும்தான். அதையும் பல வருஷம் நின்று சம்பாதித்தாள். “நான் நின்னப்போ எவ எந்திரிச்சா?” என்பது அவளுடைய அரசியல் தத்துவம். மறுப்பதற்குக் கடினமான தத்துவம்தான்.

ஓர் அரச ரகசியம் மட்டும் உண்டு. மூட்டு வலி வந்த பிறகு கோமளாவால் ஊர்ந்து வரும் வண்டியின் பக்கத்தில் ஓட முடியவில்லை. அவளுடைய நீலக் கட்டம் போட்ட கர்ச்சீஃபைத் தினமும் ஜன்னல் வழியாக எறிவது அன்னம்மாள். பெரம்பூரில் ஒரு பள்ளியில் ஆயா வேலை. குறி தப்பாத கை. கோமளாவின் ஆட்சி முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாட்டில், பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, ரோஷினி ஏறினாள்.

நெட்டையான பெண். இஸ்திரி போட்ட பச்சை சுடிதார், கழுத்தில் ஸ்கேன் சென்டர் அடையாள அட்டை, கையில் டிபன் பை. சென்ட்ரல் அருகே அந்த ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் திருநங்கை என்பது ஓரிரு நிமிடத்தில் பெட்டியின் அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

“அக்கா, இது லேடீஸ் கோச்தானே?” என்று நிஷா சத்தமாகக் கேட்டாள்.

நிஷா மென்பொருள் நிறுவன ஊழியர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். முந்தைய மகளிர் தினத்தன்று ‘சமத்துவம் வீட்டிலிருந்து தொடங்குகிறது’ என்று ஸ்டேட்டஸ் வைத்தவள். வீட்டிலிருந்து என்று தெளிவாகச் சொல்லியிருந்ததால் அது ரயிலுக்குப் பொருந்தாது.

“லேடீஸ் கோச்தான் மேடம்,” என்று ரோஷினியே பதில் சொன்னாள். “அதனாலதான் ஏறுனேன்.”

மறுநாள் நிஷா ரயில்வே போலீஸ் பெண் காவலர் ஒருவரைக் கூட்டிவந்தாள். காவலர் ரோஷினியின் டிக்கெட்டைப் பார்த்தார், பிறகு நிஷாவைப் பார்த்தார். “டிக்கெட் இருக்கு, அவங்களும் பொம்பளதான். ஏறட்டும். சட்டம் இருக்கும்மா. தடுத்தீங்கன்னா உங்க மேலதான் கேஸ் ஆகும்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சட்டம் தங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்ததும், எந்த நாகரிக சமூகமும் செய்வதையே மகளிர் பெட்டியும் செய்தது. ஒன்றும் பேசவில்லை. ரோஷினி பக்கம் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டது. மேல்பலகையில் அவள் பையை வைக்கப் போனால் அங்கே உடனே இன்னொரு பை முளைத்தது. அவள் ஏறும் கதவில் மட்டும் கூட்டம் அடர்ந்தது.

ரோஷினி கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், வண்டி ஊர்ந்து வரும்போது, எல்லோரையும் போல ஓடி, எல்லோரையும் போல ஜன்னல் வழியாக எறிந்தாள். மஞ்சள் கர்ச்சீஃப், ஓரத்தில் பூத்தையல். கோமளாவுக்கு எதிர்ப் பலகையில் போய் அழகாக விழுந்தது.

நிஷா அதை இரண்டு விரலால் தூக்கினாள். எதிர் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தில் போட்டாள். போட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து கையில் சானிடைசர் தடவிக்கொண்டாள்.

கதவு நெரிசலைத் தாண்டி, வண்டி அன்னனூரை நெருங்கும்போது உள்ளே வந்து சேர்ந்த ரோஷினி, காலியாக இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். நிஷாவைப் பார்த்தாள். கடைசியாகக் கோமளாவைப் பார்த்தாள், ஏனென்றால் அந்தப் பெட்டியில் சட்டம் பேசுகிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. கோமளா ஜன்னலுக்கு வெளியே அன்னனூரின் இயற்கை எழிலைப் பார்த்தாள். அன்னனூரில் அந்தப் பக்கம் பணிமனையில் நிற்கும் ரயில் பெட்டிகள் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் அன்று முழுக்க கோமளாவுக்கு மனசு சரியில்லை. மனித உரிமை, சமத்துவம், கண்ணியம் போன்ற பெரிய சரக்குகள் எதுவும் அவளை உறுத்தவில்லை. கர்ச்சீஃப் உறுத்தியது. விழுந்த கர்ச்சீஃபை எடுத்து எறிந்துவிட்டாளே! அப்படிச் செய்யலாம் என்றால் அப்புறம் எந்தக் கர்ச்சீஃபுக்கு என்ன பத்திரம்?

மறுநாள் பிளாட்பாரத்தில், வண்டி வருவதற்கு முன்பாக, ரோஷினி கோமளாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு வார்த்த.”

“இன்னா?”

“என் கர்ச்சீஃப் வுழுந்துச்சு. நீங்க பாத்தீங்க.”

கோமளா டிபன் பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினாள்.

“உக்கார எடம் கேக்கலக்கா. உள்ள வரத்தான் கேக்கறேன். கதவாண்ட நிக்கக்கூட வுட மாட்றாங்க. அதால ரெண்டு தபா வண்டிய வுட்டுட்டேன். மேனேஜர் சொல்லிட்டாரு, இன்னொரு தபா லேட்டுன்னா வரவே வேணாம்னு. இந்த வேல கெடைக்க நான் ஏறி எறங்குன படி எனக்குத்தான் தெரியும்.”

“ஜெனரல் பெட்டில ஏறிக்கினா இன்னா?”

ரோஷினி சிரித்தாள். சுடிதாரின் முழுக்கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். யாரோ அழுத்திப் பிடித்த விரல்களின் தடம், நீலம் பாரித்து, வரிசையாக இருந்தது.

“ஏறுனேங்க்கா.”

கோமளா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “இத பாரு கண்ணு. நான் யாருக்கும் எந்திரிச்சவளும் இல்ல, யாருக்காகவும் வாயத் தொறந்தவளும் இல்ல. என் மூட்டு வலியே எனக்குப் பெருசாக் கீது.”

“தெரியும்க்கா. உங்க சபதத்த மொத நாளே சொன்னாங்க.” ரோஷினி கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். “உங்க கர்ச்சீஃப்ப யாரும் தூக்கிப் போடாம இருக்கணும். அவ்ளோதான்.”

இது பிரார்த்தனையா சாபமா என்று கோமளாவுக்குப் பிடிபடவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அன்னம்மாளிடம் மெதுவாக ஆரம்பித்தாள். “அன்னம்மா, கர்ச்சீஃபத் தூக்கி எறிஞ்சது தப்புடி.”

“அட போக்கா. அது இன்னா நம்ம கர்ச்சீஃபா?”

“கர்ச்சீஃபுல நம்மளது அவுங்களுதுன்னு ஏதுடி?”

அன்னம்மாள் முழுசாகத் திரும்பினாள். “இன்னா, அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டியா? சாய்ஞ்சுக்க. எனக்கு இன்னா வந்துச்சு? நாளைலேர்ந்து உன் கர்ச்சீஃப்ப நீயே ஓடிப் போய் போட்டுக்க.”

கோமளா அத்துடன் மனித உரிமை இயக்கத்திலிருந்து விலகினாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் தூறல். முந்தின வண்டி வரவில்லை. இரண்டு வண்டிக் கூட்டம் ஒரே வண்டிக்காக நின்றது. அன்னம்மாளின் கை அன்றும் தப்பவில்லை. நீலக் கட்டக் கர்ச்சீஃப் ஜன்னலோரத்தில் விழுந்தது; கோமளா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கே பட்டாபிஷேகம் செய்துகொண்டாள். வண்டி கிளம்பக் குரல் கொடுத்தபோது, நடைமேம்பாலப் படிகளில் ரோஷினி ஓடி வருவது ஜன்னலில் தெரிந்தது.

கதவில் நிஷாவும் இன்னும் நாலைந்து பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், உள்ளே, ஆட்கள் தாராளமாக நிற்க இடம் இருந்தது.

“கொஞ்சம் வழி வுடுங்க மேடம்! இந்த வண்டிய வுட்டா வேல போய்டும்!”

“உள்ள இடமே இல்ல. அடுத்த வண்டில வாங்க.”

வண்டி நகர்ந்தது. ரோஷினி கூடவே நாலடி ஓடினாள். ஓடிக் குதித்தாள். ஒரு கால் படியில் விழுந்தது, மற்றது விழவில்லை. ஒரு செருப்பு தண்டவாளத்துக்குள் போனது. வலது கை கதவுக் கம்பியின் நுனியில். இடது கை பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் காற்றில் துழாவி, பக்கத்து ஜன்னல் கம்பியைப் பற்றியது.

அது கோமளாவின் ஜன்னல்.

கோமளாவின் முழங்கைக்குப் பக்கத்தில், ஈரக் கம்பியின் மேல், திடீரென்று நாலு விரல்கள். அரக்கு நிற நகப்பூச்சு. கம்பியை இறுக்கியதில் நகங்களின் ஓரம் வெளுத்துப்போயிருந்தது. பிளாட்பாரம் முடிந்தது. கருங்கல் ஜல்லி ஓட ஆரம்பித்தது. சிக்னல் கம்பம் ஒன்று விர்ரென்று போனது, கோமளாவின் கணக்குப்படி ரோஷினியின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி.

“உள்ள இழுங்க… கை வழுக்குதுங்க…” என்று குரல் வந்தது. கதவில் யாரும் அசையவில்லை. எல்லோருக்கும் திடீரென்று கைப்பேசியில் அவசரச் செய்தி வந்திருந்தது.

சாரல் உள்ளே அடித்தது. கோமளாவின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அன்னம்மாளுக்கு விரல்கள் தெரியவில்லை; மடியில் ஈரம் மட்டும் தெரிந்தது. “அக்கா, தூறல் அடிக்குது பாரு. ஷட்டர எறக்கு.”

கோமளாவின் கை பழக்கத்தில் ஷட்டரின் கொக்கிக்குப் போனது. கனமான இரும்பு ஷட்டர். விட்டால் சடாரென்று இறங்கும். இறங்கும் இடத்தில் நாலு விரல்கள் இருந்தன.

“எறக்குக்கா! இன்னா பாத்துகினு கீற?”

விரல்களில் ஒன்று வழுக்கி விட்டது. மூன்று மிச்சம்.

கோமளா கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். மடியிலிருந்த பையைத் தூக்கினாள். தன் இருக்கையில் நடுநாயகமாக வைத்தாள். அதன் பிறகே எழுந்தாள். பை இருக்கையில் இருந்ததால், சட்டப்படி அவள் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சபதம் பத்திரமாக இருந்தது.

“தள்ளுங்கடி!”

கோமளாவின் குரலுக்குத் தள்ளிப் பழகிய தோள்கள் யோசிப்பதற்குள் தள்ளிவிட்டன. அவள் ஒரு கையால் நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ரோஷினியின் தோளோடு சுடிதாரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மூட்டு ‘மளுக்’ என்றது. இரண்டு பேரும் உள்ளே வந்து விழாத குறையாக நின்றபோது வண்டி அடுத்த கம்பத்தைக் கடந்தது.

“அக்கா, நீங்களுமா?” என்றாள் நிஷா.

“நானும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆளு வுழுந்தா வண்டி நின்னுடும். எல்லாருக்கும் லேட்டாகும். உனக்கு ஆபீஸ் போவ வாணாமா?”

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பையை மடியில் எடுத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். அன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நாளைக்கு கர்ச்சீஃப் யாரு போடறாங்கன்னு பாக்கறேன்,” என்று ஜன்னலிடம் சொன்னாள்.

ரோஷினி கதவை அடுத்த தடுப்பில் சாய்ந்து நின்றாள். ஒற்றைச் செருப்பு. சுடிதாரின் முழங்கால் கிழிந்து ரத்தம் கசிந்தது. கம்பியை விரல்களால் பிடிக்காமல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி முழுக்க அவளைப் பார்த்தது. பார்த்த கண்கள் ஒவ்வொன்றும் கீழே வந்து, கைப்பேசியில் நிலைத்தன. மூவர் பலகைகளில் இடுப்புகள் அகலமாயின.

“எடம் இல்லம்மா,” என்றாள் அன்னம்மாள், யாரும் கேட்காமலேயே.

திருமுல்லைவாயல் போனது. அம்பத்தூரில் ஒரு கூட்டம் ஏறியது. நெரிசலில் யாருடைய பையோ ரோஷினியின் முழங்காலில் இடித்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். கோமளா ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில், ஈரத்தின் மேல், விரல்கள் இருந்த இடம் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாரல் அதையும் நனைத்தது.

பட்டரவாக்கம் தாண்டியதும் கோமளா இடுப்பிலிருந்து நீலக் கட்டக் கர்ச்சீஃபை உருவினாள்.

எழுந்தாள். இந்த முறை பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இன்னாக்கா, கொரட்டூர்தான் வருது. எங்க எந்திரிச்ச?” என்றாள் அன்னம்மாள்.

“இந்த ஜன்னல்ல காத்தே வரலடி. அங்க போயி நிக்கறேன்.”

சொல்லிக்கொண்டே கர்ச்சீஃபை இருக்கையில் போட்டாள். ஓர் ஓரம் மடிந்திருந்தது. குனிந்து அதையும் நீவிவிட்டாள். நெரிசலுக்குள் புகுந்து தடுப்பருகே வந்து, ரோஷினியின் முகத்தைப் பார்க்காமல், அவள் அணைத்திருந்த கம்பியைத் தான் பிடித்துக்கொண்டாள். “கர்ச்சீஃப் போட்டுக் கீது,” என்றாள். “போ.”

ரோஷினி போனாள். காலியிடத்தை நோக்கி நிஷா பாதி நகர்ந்திருந்தாள். நீலக் கட்டம் யாருடையது என்பது பெட்டிக்கே தெரியும். நிஷா நின்றுவிட்டாள். அன்னம்மாள் கர்ச்சீஃபைப் பார்த்தாள், கோமளாவைப் பார்த்தாள். பிறகு கிழிந்த முழங்கால் உள்ளே போவதற்காகத் தன் கால்களை ஒருபக்கமாக ஒடுக்கிக்கொண்டாள்.

கோமளா, வலிக்கிற கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, இரண்டு தோள்களுக்கு நடுவே நசுங்கி நின்றாள். அங்கே காற்றுக்கு வழியே இல்லை. கொரட்டூர் ஏரிக் காற்று, அவள் எழுந்துவிட்ட ஜன்னல் வழியாக, ரோஷினியின் ஈரத் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது.